சனி வண்டி

அரவேணுவில் ஏழுமலை வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். சனி வண்டிக்காரர் வீடு என்று கேட்டால் உடனே கையை நீட்டிக் காட்டுவார்கள். எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி மழையில் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அதுவரைக்கும் அவர் மலையில் ஓடும் எத்தனையோ லாரி டிரைவர்களில் ஒருவர். சொந்த ஊர் செங்கம் பக்கம். மீசை அரும்பிய வயதில் கிளீனராக மலை ஏறியவர், இங்கேயே ஸ்டியரிங் பிடித்து, இங்கேயே கிருஷ்ணம்மாளைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். முட்டைகோசும் உருளைக்கிழங்கும் தேயிலைப் பெட்டிகளும் கீழே இறங்கும். அரிசியும் சிமென்டும் உர மூட்டையும் மேலே ஏறும். வளைவுக்கு வளைவு கிளட்சை மிதித்ததில் இடது முழங்கால் போய்விட்டது. வீட்டுக்கு வந்து தடுமாறி உட்கார்ந்தால் கிருஷ்ணம்மாள் எண்ணெயைச் சூடு பண்ணித் தடவிவிடுவாள்.

"ரெண்டு நாள் லீவு சொன்னா என்னங்க?"

"பாக்கலாம்."

இந்தப் பேச்சு வருஷக்கணக்காக நடந்தது. லீவு மட்டும் வரவில்லை.

மஞ்சூர் முருகன் கோவிலுக்கு நவக்கிரகம் வைக்க வேண்டும் என்று அங்கே மளிகைக் கடை வைத்திருந்த ஆறுக்குட்டி பல வருஷமாக அலைந்துகொண்டிருந்தார். கோவில் கமிட்டித் தலைவர் அவர்தான். ஒருவழியாகத் திருமுருகன்பூண்டி பட்டறையில் சிலைகள் தயாராகின. ஏற்றிவர ஏழுமலையின் லாரி போயிற்று. முழங்கால் உயரம்தான் ஒவ்வொன்றும், ஆனால் கருங்கல், நல்ல கனம். ஒன்பதையும் வைக்கோலுக்குள் புதைத்துக் கிடத்தினார்கள். பட்டறையிலிருந்து சுடலைமுத்து என்ற சிற்பி கூடவே கிளம்பி, முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதர்.

பர்லியாறு தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. சுடலைமுத்து பையிலிருந்து ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த இன்ஜின் மூடிமேல் ஒரு சதுரம் போட்டார். அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிழுத்து ஒன்பது கட்டமாக்கினார்.

"நடுக்கட்டம் சூரியன். கிழக்க பாத்து நிப்பாரு. அவருக்குக் கிழக்க சுக்கிரன், தெக்க செவ்வாய், வடக்க குரு, மேக்க சனி. மூலைக்கு ஒருத்தரா சந்திரன், புதன், ராகு, கேது. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கக் கூடாதுண்ணே. அப்படித்தான் நிறுத்தணும்."

"ஏன், ஒருத்தருக்கொருத்தர் சண்டையா?" என்றார் ஏழுமலை. தூக்கம் வராமலிருக்க யாராவது பேசிக்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"சண்டை எதுக்கு? வானத்துல அவங்கவங்க பாதை அவங்கவங்களுக்கு. சந்திரன் ஒரு மாசத்துல சுத்தி முடிச்சிருவாரு. சூரியனுக்கு ஒரு வருஷம். சனி சுத்தி வர முப்பது வருஷம் ஆகும். ஒரு ராசிக்குள்ள நுழைஞ்சாருன்னா ரெண்டரை வருஷம் அங்கயேதான். மந்தன்னு அவருக்கு ஒரு பேரே உண்டு. கால் வேற ஊனம்னு சொல்லுவாங்க. அந்த ஆகாசத்த அப்படியே இந்தச் சதுரத்துக்குள்ள கொண்டாந்து வெச்சிட்டா, சனங்க அத ஒரு நிமிசத்துல சுத்தி வந்துரலாம் பாருங்க."

"காலும் சரியில்ல, சுத்தறதையும் நிறுத்த முடியாது. பாவம்" என்றார் ஏழுமலை.

சுடலைமுத்து சிரித்தார். சனியைப் பாவம் என்று ஒருவர் சொல்லி அவர் கேட்டதில்லையாம்.

மஞ்சூருக்குக் கொஞ்சம் முன்னால், செங்குத்தான ஏற்றத்தில், ரோட்டின்மேல் மண் சரிந்து கிடந்தது. நெடுஞ்சாலை ஆட்கள் பாதி அகலத்துக்கு வழி எடுத்திருந்தார்கள். லோடோடு போனால் ரோடு தாங்காது, வண்டியைக் காலி பண்ணி ஓட்டு என்றார் மேஸ்திரி. லாரிக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. நடுவில் இடமில்லாததால் சிலைகளைப் பஸ்சைத் தாண்டிக் கீழே தூக்கிப்போய், மலைப்பக்கத்து ஓரமாக வைக்கோல் போட்டுக் கிடத்தினார்கள். பஸ்சில் வந்தவர்களும் கை கொடுத்தார்கள். பிறகு அவர்கள் மூட்டை முடிச்சோடு சரிவைத் தாண்டி நடந்தார்கள். பஸ் டிரைவர் நெல்சன் மண் எடுப்பதைப் பார்க்க முன்னால் போய்விட்டார். சுடலைமுத்தும் வேறு சிலரும் சரிவுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் வைக்க, முதலில் சூரியனைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். ஏழுமலையின் முழங்கால் அதற்குமேல் மடங்கவில்லை. மீதிச் சிலைகளுக்குக் காவலாக அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

பஸ்சுக்குள் ஒரு பெண் மட்டும் இருந்தாள். தபித்தாள் என்று பெயர், மஞ்சூர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். குன்னூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, பச்சைக் குழந்தையோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். மழை விடட்டும் என்று உள்ளேயே இருந்துவிட்டாள்.

பட்டென்று ஏதோ அறுந்த சத்தம் கேட்டது. ஹேண்ட்பிரேக் கம்பி. பஸ் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. கீழே வளைவு, வளைவுக்கு அந்தப்பக்கம் பள்ளம். ஏழுமலையிடமிருந்த ஒரே அடைகட்டை அவருடைய லாரிச் சக்கரத்துக்கடியில் மேலே இருந்தது. சுற்றிலும் பார்க்கவெல்லாம் அவகாசமில்லை. கைக்கு எட்டிய சிலையை வைக்கோலோடு சேர்த்துப் புரட்டினார். இன்னொரு புரட்டு. பின்சக்கரம் அதன்மேல் ஏறப் பார்த்து, ஏற முடியாமல், நறநறவென்று உரசி நின்றது. உள்ளே குழந்தை வீரிட்டது.

நெல்சன் ஓடிவந்து பஸ்சில் ஏறிப் பிரேக்கை மிதித்து, கியரில் போட்டு நிறுத்தினார். வேறு கல் தேடிக் கொண்டுவந்து சக்கரத்துக்குக் கொடுத்தபின் சிலையை உருவினார்கள். ஒரு கை ஒடிந்திருந்தது. முகத்தில் பாதி இல்லை. பீடத்தில் செதுக்கிய காக்கை மட்டும் முழுசாக இருந்தது.

"சனி" என்றார் சுடலைமுத்து.

மஞ்சூரில் ஆறுக்குட்டி அதைப் பார்த்துவிட்டுக் கோவில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, ரெண்டு உசுரக் காப்பாத்திட்டு வந்திருக்கீங்க. உங்கள நான் என்னத்தச் சொல்லட்டும்? ஆனா பின்னமான சாமிய வெக்க முடியாதுங்களே."

"தெரியுமுங்க" என்றார் ஏழுமலை. "அந்த நேரத்துல எது யாருன்னு பாக்கலீங்க."

உடைந்த சிலையைக் குந்தா ஆற்றில் இறக்கினார்கள். முருகனுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. நவக்கிரக மேடையில் எட்டுச் சிலைகளை அந்தந்த இடத்தில் நிறுத்தி, பிரதிஷ்டை அப்புறம் என்று விட்டுவிட்டார்கள்.

அத்தோடு போகவில்லை. நவக்கிரகத்தில் எட்டுப் பேரை விட்டுவிட்டுச் சனியைத் தூக்கிச் சக்கரத்துக்குக் கொடுத்த ஆள் என்று பேச்சு பரவியது. சனி சும்மா விடுவாரா, அந்த வண்டியில்தான் ஏறி உட்கார்ந்திருப்பார் என்றார்கள். காய்கறி மண்டிக்காரர்கள் அவர் வண்டியைக் கண்டால் வேறு வண்டியைக் கூப்பிட்டார்கள். லாரி முதலாளி ஹரிதாஸ் நல்ல மனிதர்தான். அவரும் ஒருநாள் தலையைச் சொறிந்தார்.

"நான் இதெல்லாம் நம்பறவன் இல்ல ஏழுமலை. சரக்குக்காரங்க பயப்படறாங்க. கொஞ்ச நாளைக்கு வெறகும் உரமும் மட்டும் ஓட்டுங்க."

விறகு லோடில் ஆளுக்கு ஓய்வே கிடையாது. ஏற்றவும் இறக்கவும் அவரே கை கொடுக்க வேண்டியிருந்தது. டயர் வெடித்தால் சனி. கிருஷ்ணம்மாளுக்குக் கையில் வெந்நீர் கொட்டினால் சனி. அவள் சனிக்கிழமை தவறாமல் எள் முடிச்சு போட்டு விளக்கேற்றினாள்.

"நீங்களும் வந்து ஒரு கும்பிடு போடுங்களேன்."

"கும்பிடறதுக்கு என்ன. நிக்கத்தான் முடியல."

முதலில் அவர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. நாளாக நாளாக, எதிர்த்து நினைக்கவும் தெம்பில்லாமல் போயிற்று. இருந்தாலும் இருக்கும் என்று தோன்ற ஆரம்பித்தது.

மறு வருஷம் ஆடி மாதம் உர மூட்டையோடு மஞ்சூர் போனபோது கோவிலுக்குள் நுழைந்தார். சனிக்கிழமை. எட்டுச் சிலைகளும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமல் நின்றன. மேற்கே ஒரு பீடம் வெறுமையாக இருந்தது. சனங்கள் சுற்றி வந்தார்கள். குருவையும் சுக்கிரனையும் நின்றபடி கும்பிட்டவர்கள், ஆளில்லாத அந்தப் பீடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். எள் விளக்கு அத்தனையும் அங்கேதான் எரிந்தது. கல்லில் எண்ணெய் கன்னங்கரேலென்று உறைந்திருந்தது. நாற்று மண் ஒட்டிய கையோடு ஒரு பெண் அந்தக் காலி இடத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்து அழுதுகொண்டிருந்தாள். ஏழுமலை சுற்றவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை தூணில் சாய்ந்து நின்றுவிட்டு வெளியே வந்தார்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தபித்தாள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். இடுப்பில் குழந்தை.

"நல்லா இருக்கீங்களாண்ணா?"

"இருக்கேன்மா."

"உங்கள என்னென்னமோ பேசறாங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்குச் சங்கடமா இருக்கு. எங்க சர்ச்சுல உங்களுக்காக ஜெபம் பண்றோம்."

"பண்ணுங்கம்மா. லோடு கெடைக்கற மாதிரி பண்ணுங்க."

அவள் சிரித்தாள். குழந்தை அவருடைய காக்கிச் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. சின்னக் கைதான், விடுவித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆவணி முடியுமுன் ஆறுக்குட்டியும் சுடலைமுத்துவும் அரவேணுவுக்குத் தேடி வந்தார்கள். புதுச் சனி தயாராகிவிட்டது. ஏற்றத்தான் வண்டியில்லை. ஒன்பது பேராக வந்தால் ஏற்றியிருப்போம், சனியை மட்டும் தனியாக எங்கள் வண்டியில் ஏற்ற மாட்டோம் என்று கோயமுத்தூர் வரைக்கும் எல்லா டிரைவரும் கையை விரித்துவிட்டார்களாம்.

"உங்களக் கேக்க வாய் வரலீங்க" என்றார் ஆறுக்குட்டி.

கிருஷ்ணம்மாள் உள்ளேயிருந்து வெளியே வந்தாள். "பட்டது போதாதுங்களா? வேற ஆளே இல்லியா?"

ஏழுமலை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "என் வண்டியிலதான் ஏற்கெனவே ஏறி உக்காந்திருக்காராமே. இன்னொரு தடவ ஏறினா என்ன ஆயிரப்போவுது?" அதில் கோபமில்லை, வீம்பில்லை. பேசி முடித்தால் போதும் என்றிருந்தது. "எப்ப வரணும்னு சொல்லுங்க."

புதுச் சனியை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது சுடலைமுத்து முன்னால் உட்கார்ந்திருந்தார். வழிநெடுக முதல் கியர், இரண்டாவது கியர். சரிவு நடந்த வளைவில் நெல்சனின் பஸ் எதிரே வந்தது. ஏற்றத்தில் வருகிற வண்டிக்கு வழி விட்டு ஒதுங்கி நின்று, நெல்சன் சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கும்பிடு போட்டார். யாருக்குப் போட்டார் என்று ஏழுமலை யோசிக்கவில்லை.

மஞ்சூரில் ஊரே கூடியிருந்தது. சிலையை இறக்கியதும் சிலர் வண்டியைவிட்டு விலகி நின்றார்கள். சிலர் அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இரண்டுமே அவருக்கு அலுப்பாக இருந்தது. குருக்கள் வந்து, சனியை மேற்குப் பார்க்க நிறுத்தி, ஒன்பது பேருக்கும் கண் திறந்து மந்திரம் சொல்லப்போகிறார், முன்னால் வந்து நில்லுங்கள் என்று ஆறுக்குட்டி கூப்பிட்டார்.

"இதோ வரேனுங்க" என்று சொல்லிவிட்டு, கால் வலிக்கிறதே, ஒரு நிமிஷம் நீட்டிக்கொள்ளலாம் என்று லாரியில் ஏறினார் ஏழுமலை. மேளம் கொட்டியது, மணி அடித்தது, சனங்கள் அரோகரா போட்டார்கள். அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

எழுந்தபோது கூட்டம் கலைந்து, பனிமூட்டம் இறங்கியிருந்தது. பக்கத்து சீட்டில் வாழையிலையில் எள்ளுச் சாதம் மடித்து வைத்திருந்தார்கள். ஆறிப்போயிருந்தது. முழுசையும் சாப்பிட்டார். சனி இறங்கிவிட்டார் என்று அந்த வாரமே ஊட்டி மண்டியிலிருந்து கேரட் லோடுக்கு ஆள் வந்தது. சனி வண்டி என்ற பேர் மட்டும் போகவில்லை. அதைப் போக்க அவரும் சிரமப்படவில்லை. அன்றைக்கு இலையைச் சுருட்டி வெளியே போட்டுவிட்டு, முழங்காலை ஒருதரம் தேய்த்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார்.