நியேவெஸ் மீட்ட நான்கு நிமிடம்

பொலிவியாவில், எங்கள் ஒருரோ பக்கத்துச் சுரங்க ஊரில், நியேவெஸ் கோல்கே வருகிறாள் என்றால் செத்த ரேடியோகூட எழுந்து உட்காரும் என்று நான் கிண்டலாகச் சொல்வதுண்டு. இப்போது அதைக் கிண்டலாகச் சொல்வதில்லை.

சுரங்கத் தொழிலாளியின் மகள். அப்பாவின் ரேடியோவைப் பிரித்துப் போட்டு, உதை வாங்கி, திரும்பச் சேர்த்துத் தொழில் படித்தவள். அடுக்கடுக்கான பாவாடை, உருண்டைத் தொப்பி, முதுகில் கட்டிய கம்பளித் துணிக்குள் ஸ்க்ரூடிரைவர் பை. எந்தப் பெட்டியையும் தொடுமுன் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, சொந்தக்காரரிடம் ஒரே கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விக்கு நான் பொய் சொன்னேன்.

இரண்டாயிரத்துப் பதினாறு, கார்னிவல் முடிந்த மறுநாள். ஊரில் எல்லோரிடமும் பட்டன் போன்தான். முகம் பார்த்துப் பேச என் கடையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரை விட்டால் வேறு வழியில்லை. அன்று மதியம் உருளைக்கிழங்கு விற்கும் பசிலியா வந்து காத்திருந்தாள். அவள் தங்கை சத்துர்னினாவுக்குப் புவெனோஸ் ஐரெஸ் ஆஸ்பத்திரியில் எங்கள் நேரப்படி மூன்று மணிக்கு இதய ஆபரேஷன். இருவரும் பார்த்துப் பத்தொன்பது வருடம். ஆபரேஷனுக்கு முன்னால் ஒருமுறை முகம் பார்த்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டரில் இணையம் இல்லை. ஆள் அனுப்பி நியேவெஸை வரவழைத்தேன்.

"கடைசியா இதுல என்ன செஞ்சீங்க, தோன் பொலிகார்ப்போ?" என்றாள் நியேவெஸ்.

"ஒண்ணும் செய்யலையே. எல்லாரையும் போல நேத்து சல்யா பூசைல இதுக்குப் பூ போட்டு நாலு சொட்டு பியர் தெளிச்சேன். அவ்வளவுதான்."

"நாலு சொட்டா? உங்க கை நமக்குத் தெரியாதா!" என்றான் பக்கத்துத் தையற்கடை ஃப்ருக்துவோசோ. "பாதி பாட்டில் உள்ள போயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. நியேவெஸ் பெட்டியைக் கழற்றினாள். ஒட்டியிருந்த பூவிதழை ஒவ்வொன்றாக எடுத்தாள். முனை முனையாகத் துடைத்து வெயிலில் காயவைத்தாள். வேறு கம்பி போட்டுப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் போயிற்று. பசிலியா சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டரை மணிக்கு வாய் திறந்தேன்.

"நியேவெஸ்... நேத்து காலைல புது விண்டோஸ் போடட்டுமான்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டு ஆடப் போயிட்டேன்."

சல்யா அன்று எந்தக் கருவியையும் தொட மாட்டோம். பூ போட்டு, பியர் தெளித்து, பூமித்தாய்க்குக் கொடுத்து, லாரி முதல் சுத்தியல் வரை ஓய்வு. அன்று கம்ப்யூட்டரை வேலை வாங்கினேன் என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் மறைத்தேன்.

"அடப்பாவி மனுஷா!" என்றான் ஃப்ருக்துவோசோ.

நியேவெஸ் திட்டவில்லை. பெட்டியை மூடித் திருகுகளை முடுக்கினாள். "அப்ப பெட்டி நல்லாத்தான் இருக்கு. நெட் கம்பி சொருகுற கார்டைப் புது விண்டோஸுக்கு அடையாளம் தெரியல. கார்டை ஓட்டுற டிரைவர் புரோகிராமை இறக்கலாம்னா அதுக்கே நெட் வேணும்."

"அப்ப அவ்வளவுதானா?" பசிலியாவின் குரல் அன்று முதல்முறையாகக் கேட்டது.

"இருங்க அக்கா. புதுசு வந்தாலும் பழசை உடனே தூக்கிப் போடாது. கொஞ்ச நாளைக்கு உள்ளேயே ஒரு மூலையில வச்சிருக்கும்."

திரையில் நூற்றுக்கணக்கான பெயர்கள் ஓடின. ஒரு எழுத்தும் எனக்கு விளங்கவில்லை. அவள் கடலைக்குள் கல் பொறுக்குவதுபோலத் தேடி, ஒன்றில் நிறுத்தினாள். அந்தப் பழைய டிரைவரைக் கார்டுக்குக் காட்டினாள். செத்துக் கிடந்த சின்னப் பச்சை விளக்கு சிமிட்டியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அணைந்த அடுப்பைக் கிளறி நெருப்பு எடுத்தவள்போல அவள் சாதாரணமாக நாற்காலியைப் பசிலியாவுக்கு விட்டு எழுந்தாள்.

மணி இரண்டு ஐம்பத்தாறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த சத்துர்னினாவின் முகம் திரையில் வந்தது.

"அக்கா, தொப்பிய எடு. சடையப் பாக்கணும்."

பசிலியா தொப்பியைக் கழற்றி இரண்டு வெள்ளைச் சடைகளையும் முன்னால் போட்டாள்.

"ஐயோ, நரைச்சே போச்சே!"

"உனக்கு மட்டும் என்னடி? அந்தப் பச்சைக் குல்லாவுக்குள்ள கரி பூசியா வச்சிருக்க?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆண்டிஸ் மலைக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் இடையே கிடக்கும் அத்தனை மண்ணையும் தாண்டி வந்த சிரிப்பு என் ஓட்டைக் கடையில் கேட்டது. சிரித்து முடிப்பதற்குள் நர்ஸ் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஆபரேஷனிலிருந்து சத்துர்னினா உயிரோடு திரும்பி வரவில்லை. அக்காவும் தங்கையும் பேசியது அந்த நான்கு நிமிடம்தான். மீதி இரண்டு மணி நேரத்தைத் தின்றவன் நான்.

இதுவரை பசிலியா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒவ்வொரு சல்யா அன்றும் மடி நிறையப் பூவிதழோடு வருகிறாள். முதல் பிடி நியேவெஸின் ஸ்க்ரூடிரைவர் பைக்கு. இரண்டாவது கம்ப்யூட்டருக்கு. மூன்றாவது பிடியை என் தலையில் போடுகிறாள்.