கோழிக்கொட்டகைக்குப் பக்கத்தில் பெரணி வளர்த்தவன்

தம்பியைத் தெருவில் எல்லோரும் ‘ஈரத்துணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் தோளில் எப்போதும் ஒரு நனைந்த போர்வை கிடக்கும். வெயில் ஏறினால் அதைத் தன் செடித் தொட்டிகளுக்குப் போர்த்துவானே தவிர, தலையில் போட்டுக்கொள்ள மாட்டான். தையல் கடை, சைக்கிள் கடை, லாரி கிளீனர் என்று எதிலும் கால் ஊன்றாமல் சுற்றிவிட்டு, கடைசியில் பெரணிச் செடி வளர்த்து விற்பதில் வந்து ஒட்டிக்கொண்டவன். பூக்காது, காய்க்காது, விதையும் கிடையாது. இலையின் அடியில் உதிரும் பழுப்புத் தூசியைத் தூவி, மூடிவைத்துக் காத்திருந்தால் பச்சை கட்டும்.

“எங்க வீட்டுல ஒருத்தன் தூசியை விதைச்சுச் செடியாக்குறான்” என்று அக்கா கேட்டவரிடமும் சொல்வாள், கேட்காதவரிடமும் சொல்வாள்.

அக்காவுக்கு வேலை வேலிக்கு அந்தப் பக்கம், கோழிக்கொட்டகையில். அவள் அடுக்கிய அட்டையில் முட்டை ஒவ்வொன்றும் கூர்முனை கீழே பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கும். ஒன்று மாறியிருந்தால் அது வேறு யாரோ வைத்தது.

அந்த வருடம் பெரணி இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை என்று தம்பி கூடுதலாக ஊற்றினான். கருகியது. பசி என்று நினைத்து உரம் கரைத்து விட்டான். இன்னும் கருகியது. வேலியை ஒட்டிய வரிசைதான் மோசம். ஆனால் அதே வேலியோரப் புல் கரும்பச்சையாகக் கொழுத்து முழங்காலைத் தொட்டது. பக்கத்து மரப்பட்டையில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பாசி இருந்த இடம் தெரியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்குப் பொறி தட்டியது.

“அக்கா, உங்க கொட்டகைல நாத்தம் அதிகமாயிருக்கா?”

“இல்லையே. எப்பவும் போலத்தான்.”

“உன்னைப் போய்க் கேட்டேன் பாரு. உன் மூக்கு எப்பவோ ராஜினாமா பண்ணிடுச்சு.”

“வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது உனக்கு.”

“நிஜமாத்தான்கா. கோழி எச்சத்துலேர்ந்து அமோனியா வருது. காய்ஞ்சு கிடந்தா இவ்வளவு வராது, எங்கயோ நனையுது. நமக்குக் கண்ணு எரியிறதோட போயிடும், புல்லுக்கு அது உரம். இதுங்களுக்கு மூச்சு விடுறதே இலைலதானே.” கருகிய இலை ஒன்றைக் கிள்ளி எறிந்தான். “லாரிக்காரர் கூப்பிட்டிருக்கார். வர்ற வாரம் கிளம்பலாம்னு இருக்கேன்.”

அதை அவன் அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். லாரி ஏறினால் திரும்பி வரமாட்டான் என்பதில்லை. வருவான், ஆனால் எதையும் தொடாதவனாக வருவான். சைக்கிள் கடையை விட்ட பிறகு அப்படித்தான் ஒரு வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தன் மூக்கை நம்ப முடியாது என்றால் வேறு எதையாவது நம்ப வேண்டும். மறுநாள் காலை, அவன் எழுவதற்குள் தூர வரிசையிலிருந்து பழுதில்லாத தொட்டி ஒன்றை எடுத்துப்போய்க் கொட்டகைக்குள், கோழிகளின் தலைக்குச் சற்று மேலே கட்டித் தொங்கவிட்டாள். மாலையில் பார்த்தபோது வெந்நீரில் முக்கி எடுத்தது போல இலைகள் துவண்டு கறுத்திருந்தன. கீழே குனிந்து குச்சியால் கிளறினாள். தண்ணீர்க் குழாயில் கோழிகள் கொத்திக் குடிக்கும் நிப்பிள்கள் சொட்டிச் சொட்டி, தரையில் விரித்த மரத்தூள் களியாகிக் கிடந்தது.

பண்ணைக்காரர் வந்தார். “ஏம்மா, கோழி போதாதுன்னு செடியும் வளர்க்கிறியா?”

“காலைல இது பச்சையா இருந்துதுண்ணே.”

“உன் தம்பி தண்ணி ஊத்தியிருக்க மாட்டான்.”

“அவனா? அவன் ஊத்துற தண்ணில தொட்டி மிதக்காம இருந்தாச் சரி.”

“அதுக்கு நான் என்ன பண்ண? கோழியை வித்துட்டு நானும் பெரணி போடட்டா?”

“நிப்பிளை மாத்துங்க, போதும். ஈரத்துலதான் இதைக் கருக்குன காத்து கிளம்புது. கோழிங்க கண்ணைப் பாருங்க, பாதி ஒட்டிக் கிடக்கு.”

அவர் ஒரு கோழியைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரி, மாத்திடலாம். தூளையும் அள்ளிடு” என்றார்.

வீட்டு வாசலில் தம்பி நின்றிருந்தான். “என் நல்ல தொட்டி எங்க, அக்கா?”

அக்கா பின்னால் மறைத்திருந்ததை நீட்டினாள்.

“கேட்டிருந்தா கெட்டுப்போனதுல ஒண்ணு கொடுத்திருப்பேனே.”

“கெட்டுப்போனதைக் காட்டினா யாருக்குடா புரியும்?”

தம்பி கத்தரியை எடுத்துக் கருகிய இலைகளையெல்லாம், புதிது துளிர்க்கட்டும் என்று, மண் மட்டத்துக்கு நறுக்கினான். அப்படியே மற்ற தொட்டிகளுக்கும் போனான்.

கொட்டகையில் புதுத் தூள் விரித்தார்கள். அக்கா தினமும் அதைக் கிளறிக் காயவிட்டாள். தெருவில் போனவர்கள், “என்ன ஈரத்துணி, வெறும் மண்ணு விக்கிறியா?” என்று கேட்டார்கள். “ஆமா, நல்ல மண்ணு” என்றான். வேலியோரம் இனி ஒத்துவராது என்று அந்த வரிசையை மட்டும் புல்லுக்கே விட்டுவிட்டு, தொட்டிகளைத் தூரத் தள்ளி வைத்தான். சிலதில் சுருண்ட தளிர் எட்டிப் பார்த்தது. சிலதில் ஒன்றுமே இல்லை.

லாரி வாசலில் வந்து நின்றபோது அக்கா பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தாள். பேச்சுக் கேட்பதற்காகக் குழாயை மூடினாள்.

“வரலண்ணே” என்றான் தம்பி.

“செடியெல்லாம் போச்சுன்னியேடா.”

“பாதிதான் போச்சு. மீதிக்கு ஆள் வேணுமில்ல.”

அக்கா குழாயைத் திறந்து, மறுபடியும் சோப்புப் போட ஆரம்பித்தாள்.