பேத்தியின் காதுகுத்துக்கு மடி கிடைக்கவில்லை

இன்று காலை என் பேத்திக்குக் காதுகுத்து. ஆசாரி வந்துவிட்டார், தோடு வந்துவிட்டது, மடிதான் வரவில்லை!

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் மகள் ஜோதிக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. மாமனுக்கு எங்கே போவது?

அடி அண்ணாமலையில் எங்கள் குலதெய்வக் கோயில் வாசலில், கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டுக் கூட்டம் மொத்தமும் என்னையே பார்த்தது. (இருந்த மாமனை நான் தொலைத்துவிட்டது போல.)

"ஜோதியோட பெரியப்பா பையன் பெங்களூர்ல இருக்காரே, வீடியோ கால்ல கூப்பிடலாமா?" என்றார் மருமகன்.

(மடியை எப்படி அனுப்புவார் என்று நான் கேட்கவில்லை.)

மருமகனின் அம்மா சும்மா இருக்கவில்லை. "அன்னிக்கே இன்னொன்னு பெத்து வெச்சிருந்தீங்கன்னா இப்ப மடிக்கு அலையணுமா சம்பந்தி?"

ஜோதி பிறந்த நாளிலிருந்து கேட்டுச் சலித்த கேள்வி. அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவர் ஜோதி பக்கம் திரும்பினார்.

"நீயாச்சும் சீக்கிரம் ஒரு பையனப் பெத்துடு. நாளைக்கு உம் பொண்ணோட புள்ளைக்காச்சும் மாமன் வேணாமா?"

முதல் பிரசவத்திலேயே செத்துப் பிழைத்தவள் ஜோதி. ஒன்று போதும் என்று அவளும் மருமகனும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். ஜோதி குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள்.

நான் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்குப் போகாதவன். மீதியை நூலகத்தில் படித்துக்கொண்டேன். பேசாமல் இருக்க முடியவில்லை.

"எங்கம்மா எட்டு பெத்தா சம்பந்தி. அஞ்சுதான் தங்குச்சு. எது தங்கும்னு தெரியாமத்தான் அத்தினி பெத்தாங்க. அப்புறம் தடுப்பூசி வந்துச்சு, ஆஸ்பத்திரி வந்துச்சு, பொறந்ததெல்லாம் பொழச்சுது. சாவு முன்ன கொறஞ்சுது, பொறப்பு பின்னாலதான் கொறஞ்சுது. அந்த நடுவுலதான் ஜனம் ஜாஸ்தியாச்சு."

"இப்ப மட்டும் கம்மியா? வேங்கிக்கால் பக்கம் போய்ப் பாருங்க, எத்தினி புது வீடு!"

"அது பொறந்த கூட்டம் இல்லம்மா, வந்த கூட்டம். உங்க தெருவுல இருந்தே எத்தினி பேரு அங்க குடி வந்துட்டாங்க?"



"கொழந்த தூங்கறதுக்குள்ள முடிச்சுடலாங்க" என்றார் ஆசாரி.

நான் விடுவதாக இல்லை. "குத்தி முடிச்சதும் ஆரத்தி யாரு எடுக்கணும் சம்பந்தி?"

"அத்ததான். இது கூடவா தெரி..."

பாதியில் நின்றுவிட்டார். மருமகன் அவருக்கு ஒரே பிள்ளை!

(கூட்டம் இப்போது அவரைப் பார்த்தது. எனக்குக் கொஞ்சம் ஓய்வு.)

"ஒருத்தனையாச்சும் நல்லா படிக்க வெக்கலாம்னுதான் நிறுத்திக்கிட்டோம்" என்றார், மெல்ல.

"நாங்களும் அதுக்குத்தாம்மா."

பிறகு நானே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பேத்தி என் மடியில் வீறிட்டாள். ஆரத்தித் தட்டைச் சம்பந்தியம்மாவே எடுத்தார்.

முறை இல்லை என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். முறை செய்ய ஆள் பிறக்கவில்லை என்றால் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும். இதில் நான் மாறுவதாக இல்லை.

தட்டைச் சுற்றிக்கொண்டே, "இருந்தாலும் ஜோதி..." என்று மறுபடி ஆரம்பித்தார் சம்பந்தியம்மா.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கொழந்த வாய்ல கொஞ்சம் சக்கர போடுன்னு சொல்ல வந்தேன்!"