மரத்தூளில் சுட்ட கல்யாணப் பலகாரம்

காஸ் சிலிண்டருக்காகக் கொழும்பே வரிசையில் நின்ற வருடத்தில்தான் என் மகளுக்குக் கல்யாணம் ஒப்பேறியது. வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக் குசினியில் காஸ் முடிந்து நாட்களாகிவிட்டன. கல்யாணத்துக்கு முன் நல்லநேரம் பார்த்து வீட்டில் பலகாரம் சுடும் பலகாரச்சூட்டுக்கு நாள் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாய் ஃபோன் எடுத்தார்.

"ஏன் கரைச்சல்படுறியள்? நாங்கள் கடையில ஓடர் குடுத்திட்டம். நீங்களும் குடுங்கோவன். இப்ப ஆர் வீட்டில சுடுகினம்?"

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஒரே மகளின் கல்யாணத்துக்கு, பெட்டியில் வந்த பலகாரத்தை எடுத்து ஆட்களுக்குக் கொடுப்பதா? "நான் சுடுவன்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். எதில் சுடுவது என்று எனக்கே தெரியாது.

என் கணவர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர். எதையும் தீர ஆராய்ந்து, கடைசியில் பிழையானதை வாங்கி வருவார். மின்சார அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். பலகாரம் சுடும், அடி உருண்ட இரும்புத் தாச்சி அதன் வழுவழுப்பான தலையில் நிற்கமாட்டேன் என்றது. கரண்ட் வேறு நினைத்த நேரம் போனது. பலகாரச்சூட்டில் அடுப்பு இடையில் அணையக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அணைந்தால் ஊர்வாயை மூட முடியாது. அடுத்து மண்ணெண்ணெய் என்றார். அதன் மணம் பலகாரத்தில் ஏறும். விறகு எரித்துப் புகை கிளப்பினால் சும்மா விடமாட்டோம் என்று மாடிவீட்டுக் கமிட்டி முன்கூட்டியே சொல்லிவிட்டது.

"அப்ப கடையிலயே சொல்லுவமே?" என்றார் மெதுவாக.

"அந்தக் கதை உங்கட வாயில இன்னொருக்கா வரப்படாது."

கோபத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும். யுத்தத்தின் பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயையே கண்ணால் காணாமல் மரத்தூளில் சமைத்தவர்கள் நாங்கள். பாமன்கடைப் பக்கத்தில் மரம் அரியும் மரக்காலையில் தூள் கேட்டேன். மூட்டையாகக் கட்டித் தந்தார்கள். ஒரு தகர வாளியின் அடியில், பக்கவாட்டில் துளை போட்டேன். வாளியின் நடுவில் போத்தலை நிறுத்தி, துளைக்குள் ஒரு தடியைச் செருகிப் போத்தலில் முட்டவைத்து, சுற்றிவர மரத்தூளை இறுக்கி இடிக்கவேண்டும். பிறகு இரண்டையும் எடுத்தால் காற்றுக்கு வழி. துளையால் நெருப்பு வைத்தால் தூள் உள்ளிருந்து கனன்று, மணிக்கணக்காக ஒரே சூட்டில் எரியும். தூள் நன்றாகக் காய்ந்திருந்தால் பற்றும்போது மட்டும்தான் புகை.

ஒத்திகையில் என் கணவர் போத்தலை ஒரே இழுவையாக இழுத்தார். இடித்த தூள் அத்தனையும் பொத்தென்று சரிந்தது. "திருகி எடுக்கோணுமப்பா, திருகி!" என்று நான் போட்ட சத்தம் காலி வீதி வரைக்கும் கேட்டிருக்கும்.

குறித்த நாளில், கடற்காற்று படாமல் மொட்டைமாடித் தண்ணீர்த்தாங்கிக்குப் பின்னால் அடுப்பை வைத்தேன். நல்லநேரத்துக்கு மாப்பிள்ளையின் தாயும் வந்தார். வாளியைக் கண்டதும் அவர் முகம் போன போக்கை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். நெருப்பு வைத்ததும் கொஞ்சம் புகைந்தது. கமிட்டிக்காரர் வருகிறார்களா என்று என் கணவர் படிக்கட்டடியில் காவல் நின்றார். பிறகு புகை அடங்கித் துளைக்குள் செந்தணல் தெரிந்தது. எண்ணெய் கொதித்ததும் பயத்தம் மாவில் பிடித்த முதல் பணியார உருண்டையை மாக்கரைசலில் தோய்த்துப் போட்டேன். அது அடியில் போய்க் கொஞ்சம் நின்று, வெடிக்காமல் பொன்னிறமாக மேலே மிதந்து வந்தது.

பின்னேரம் வரை சுட்டோம். வாளியில் தூள் முடியுமுன்னே பக்கத்தில் இன்னொரு வாளி பற்றித் தயாராக இருந்தது. நெருப்பு ஒருதரமும் அணையவில்லை. மகள் என் வியர்த்த கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் தாய் ஒரு பணியாரத்தை உடைத்துப் பார்த்தார், தின்றார், இன்னொன்றும் எடுத்தார். ஆனால் நல்லதென்றோ கெட்டதென்றோ ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டார். எனக்கு மனம் சுட்டது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் அவர் நிற்கிறார். கையில் பணியாரத்துக்கு அரைத்த பயத்தம் மா நிறைந்த பெரிய பாத்திரம். படியேறிய களைப்பில் மூச்சு வாங்கியது.

"கடை ஓடரை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன், சம்பந்தி. எங்கட பக்கத்துப் பலகாரத்தையும் உங்கட அடுப்பிலயே சுடுவம்."

"அதுக்கென்ன, வாங்கோ" என்று மட்டும்தான் சொன்னேன். உள்ளே சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.