கலிமா விரல்

மேலப்பாளையத்து ஷாகுல் ஹமீதுக்கு அவருடைய வாப்பா வைத்த பேர் தாராவியில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஏன் பாய்' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்காவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. மராத்திக்காரர்கள் வெங்காயத்தை வெட்டாமல் ஏன் கையால் குத்தி உடைக்கிறார்கள்? மாஹிமில் கொட்டுகிற மழை சாலையைத் தாண்டி இங்கே ஏன் வருவதில்லை? பதில் தெரியாதவர்கள் அவரைக் கண்டதும் அடுத்த சந்துக்குள் திரும்பிவிடுவார்கள். பதில் தெரிந்தவர்களும் திரும்பிவிடுவார்கள், அதிலிருந்து இன்னொரு ஏன் முளைக்கும் என்பதால்.

தொழில், தோல் வெட்டுவது. அப்துல் வாஹித் முதலாளியின் பட்டறையில் இரும்பு உருக்கும் ஆட்களுக்குத் தோல் கையுறை தயாராகும். ஹமீது அளவு அட்டையை வைத்து வெட்டிக் கொடுப்பார். அதை வீட்டில் மெஷினில் தைப்பவள் அவர் மனைவி சைனப்.

சைனப்புக்கு ஒரே தம்பி, சிராஜ். உம்மா மவுத்தான பிறகு அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறான். அறுபத்திரண்டில் சீனாக்காரன் மலை இறங்கி வந்தபோது அவனை எங்கோ வடகிழக்கே அனுப்பிவிட்டார்கள். எங்கே என்று தெரியாது. முகவரியில் 56 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத் தபால் எண் மட்டும் இருக்கும். அது எந்த ஜில்லா என்று ஹமீது தபால்காரரைக் கேட்டார். "அது ஊரே இல்ல பாய், ஆள விடுங்க" என்று அவர் சைக்கிளை மிதித்துவிட்டார்.

கடைசிக் கடிதம் நவம்பர் முதல் வாரம் வந்தது. 'இங்கே குளிர் ஜாஸ்தி, லாத்தா. காலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் கை ஒட்டிக்கொள்கிறது' என்று அக்காவுக்கு எழுதியிருந்தான். நவம்பர் கடைசியில் சண்டை நின்றது. கடிதமும் நின்றுபோனது.

"சண்டதான் நின்னுருச்சே, புள்ள" என்றார் ஹமீது.

"பனி நின்னுச்சா?" என்றாள் சைனப்.

இரானி ஓட்டல் ரேடியோவில் தினமும் ஒரே பேச்சுதான். அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விமானம் விமானமாகத் துப்பாக்கி வருகிறது, கம்பளி வருகிறது. ஹமீதுக்கு அது புரியவில்லை. அவர்களுக்கு நாம் என்ன மாமனா மச்சானா?

"எதிரிக்கு எதிரி நம்மாளுவே" என்றார் வாஹித் முதலாளி.

"சரி மொதலாளி. அதுக்குத் துப்பாக்கி குடுத்தாப் போதுமே. கம்பளி ஏன்?"

முதலாளி வெற்றிலையைத் துப்பப் போனார்.

டிசம்பரில் ஒருநாள் ஒரு காண்ட்ராக்டர் சேட் பட்டறைக்கு வந்து ஒரு ஜோடி கையுறையை மேஜையில் போட்டார். வெளிநாட்டுப் பெட்டியில் வந்த சரக்கு. அச்சு அசலாக இதே போல முந்நூறு ஜோடி, பட்டாளத்துக்கு, இருபது நாளில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டறையே சுற்றி நின்று பார்த்தது. உள்ளங்கையில் தோல், புறங்கையில் கெட்டித் துணி, உள்ளே கம்பளி. அதெல்லாம் சரி. விரலைத்தான் காணோம். கட்டைவிரலுக்கு ஒரு அறை, அதை அடுத்த விரலுக்கு ஒரு அறை, மீதி மூன்றுக்கும் சேர்த்து ஒரே பை.

"அவசரத்துல தப்பாத் தச்சிட்டான் போல" என்றார் முதலாளி. "இருந்தா என்ன, கேட்டதக் குடுப்போம். வெட்டு, ஹமீது."

ஹமீது கத்தியைத் தொடவில்லை. காரணம் தெரியாமல் அவர் கை ஓடாது. சிராஜின் கைக்கும் இதுதானே போகும் என்ற நினைப்பு வேறு. அன்று சாயங்காலமே மாஹிம் மீன்காரர்களின் ஐஸ் கிடங்குக்குப் போனார். ஒரு கையில் பட்டறையின் ஐந்து விரல் கையுறை, மறு கையில் அந்த வினோதம். இரண்டு கையையும் ஐஸ் பாளத்தின் மேல் வைத்துக்கொண்டு குந்தினார். மீன்காரிகள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஐந்து விரல் கை மரத்துப்போனது. மற்றதில் மூன்று விரலும் ஒரே போர்வைக்குள் படுத்த பிள்ளைகள் போலக் கதகதப்பாக இருந்தன. ஒற்றை விரல் மட்டும் விறைத்துவிட்டது. அப்படியானால் அதை ஏன் தனியே தவிக்க விட்டான்?

விடை வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் கிடைத்தது. ஜும்ஆ தொழுகையில் அத்தஹிய்யாத் ஓத அமர்ந்து, வழக்கம்போல மற்ற விரல்களை மடக்கி, இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்லும் கலிமா விரலை, ஆட்காட்டி விரலை, நீட்டினார் ஹமீது. தன் கையைத் தானே பார்த்தார். அந்தக் கையுறையின் அதே வடிவம்! சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தாரோ இல்லையோ, பட்டறைக்கு ஓடினார்.

"மொதலாளி, இது தொழுகைக் கிளவுஸ்! பனியில கழட்ட முடியாதுல்லா? கலிமா விரல நீட்டத் தனியா வச்சிருக்கான்!"

வாஹித் முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளைக்காரனுக்கு இவ்வளவு மரியாதை தெரியுமா என்று எதிர்க்கடைக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். சைனப்போ அந்தச் சேதியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு கலிமா விரலையும் தைத்து முடித்ததும் மெஷினை நம்பாமல் நூலைக் கையால் மூன்று முடிச்சுப் போட்டாள். முடிச்சுக்கு ஒரு பிஸ்மில்லாஹ், கடைசியில் சிராஜுக்காக ஒரு துஆ.

நூறு ஜோடி முடிந்தபோது ஏன் பாய்க்குள் பழைய பூச்சி மறுபடி குடைந்தது. தொழுகையில் வலக்கை விரலைத்தான் நீட்டுவோம். இடக்கையிலும் ஏன் தனி அறை?

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அய்யாத்துரை என்று ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் பர்மாச் சண்டைக்குப் போய் வந்தவர். அவரிடம் கையுறையை நீட்டினார் ஹமீது. அய்யாத்துரை அதைப் போட்டுக்கொண்டு மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்துத் தோளில் சார்த்தினார். ஒரு கண்ணை மூடினார். ஒற்றை விரல் மெதுவாக மடங்கியது.

"குதிரய இழுக்கத்தாம்வே, பாய். துப்பாக்கிக் குதிர. இடக்கைக்காரனும் பட்டாளத்துல இருப்பாம்லா?"

ஹமீது நடந்தே வீட்டுக்கு வந்தார். விஷயம் தெரிந்த சந்தோஷம் அவருக்கு ஒரு துளியும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்காமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. ஆனால் சைனப்பிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை, சொன்னார்.

மெஷின் நின்றது. அவள் கையிலிருந்த கையுறை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது சுடுறதுக்கா?"

"ஆமா."

"எம் தம்பிய ஒருத்தன் சுட வந்தா, தம்பி என்ன செய்வான்?"

சைனப் நூலை இழுத்து மூன்று முடிச்சுப் போட்டாள். பிஸ்மில்லாஹ்வையும் விடவில்லை. முந்நூறு ஜோடியும் அப்படியேதான் போயின. அதற்குப் பிறகும் கடிதம் வரவில்லை. தபால்காரர் சந்தில் நுழைந்தால் அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

ஏப்ரல் மாதம் ஒரு மத்தியானம் வாசலில் டிரங்குப் பெட்டியோடு ஒருவன் நின்றான். இளைத்து, கறுத்து, மீசை வைத்து. "லாத்தா!" என்றான். சைனப் ஓடிப்போய் முதலில் பிடித்தது அவன் கைகளைத்தான். ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினாள். பத்தும் இருந்தன. பிறகுதான் அழுதாள்.

"மூணு லெட்டர் போட்டேனே, வரலியா?" என்று அவன் கேட்டான். சைனப் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் போடப் போனாள்.

அவன் தேநீர் குடித்து முடிக்கும்வரை ஹமீது பொறுத்திருந்தார். அவருக்கு அதுவே பெரிய விஷயம்.

"மாப்ளே, ஒனக்கு கிளவுஸ் குடுத்தானா? ரெண்டு விரல் வச்சது?"

சிராஜ் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டான். "இது இல்லன்னா கை போயிருக்கும், மச்சான். ஜனவரில பனி விழுந்து ரோடு அடைச்சிட்டு. மூணு நாளு வண்டிக்குள்ளயே கெடந்தேன்."

"சுட்டியா?"

"யாரச் சுட? பனியவா? துப்பாக்கி சீட்டுக்குப் பின்னால கெடந்துச்சு, தொடவே இல்ல. வெரலு வெறச்சிரும்னு கிளவுஸக் கழட்டல. அதப் போட்டுக்கிட்டேதான் அஞ்சு வக்தும் தொழுதேன்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தான். "அத்தஹிய்யாத்துல நீட்டத் தோதா இருந்துச்சு, மச்சான். அதுக்குன்னே தச்ச மாதிரி."

ஹமீதும் சைனப்பும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கையுறையை வெடுக்கென்று எடுத்து உள்புறம் வெளியே திருப்பினாள். மத்தியானத்திலும் இருட்டான அந்த அறையில் ஹமீது விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தார். அவளுடைய தையல் இல்லை. நூலும் வேறு, மெஷினும் வேறு. அந்தப் பெட்டிகளில் வந்த சரக்குதான்.

ஆனால் கலிமா விரல் முடிகிற இடத்தில் அவள் விரல் நின்றது. மெஷின் தையலுக்கு மேலே, யாரோ கையால் நூலை முடிந்திருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று.

சைனப் அந்த முடிச்சுகளைத் தடவிப் பார்த்தாள்.

"எந்தச் சீமைக்காரியோ" என்றாள். "அவளுக்கும் ஒரு தம்பி இருக்கான்."

ஏன் பாய் வாயைத் திறந்தார், ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார்.