சாமி மண்ணும் கைமெய் போட்ட சண்டையும்

சான்வான் ஊரில் கைமெய்யிடம் அடி வாங்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிணற்றடியில் முறை தவறி வாளியை விட்டவளின் முன்பல்லைப் பெயர்த்திருக்கிறாள். கழுதையைப் பட்டினி போட்ட சித்தப்பன் முறைக்காரனை அதே கழுதையின் கயிற்றால் விளாசியிருக்கிறாள். அவளும் சும்மா தப்பவில்லை. இடது காதில் பாதி கிடையாது, புருவத்தில் மண்வெட்டித் தழும்பு. அவள் வருகிறாள் என்றால் நாய்கூட எழுந்து வழிவிடும்.

பிறவியிலேயே ராட்சசி என்பார்கள். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களுக்கு என்ன! ஒன்பது வயதில் அவளுக்கு நடந்தது அவர்களுக்கு நடந்திருந்தால் தெரியும். எங்கள் மண் காற்று கொண்டுவந்து கொட்டிய மண். வடமேற்குப் பாலையிலிருந்து எத்தனையோ ஆயிரம் வருஷமாக வந்து படிந்து மலை மலையாக நிற்கிறது. காய்ந்திருக்கும்வரை அதைப்போல நல்ல மண் உலகத்தில் இல்லை. செங்குத்தாக வெட்டினால் அப்படியே நிற்கும், குகை குடைந்து நாலு தலைமுறை குடியிருக்கலாம். தண்ணீர் உள்ளே இறங்கினால் போச்சு, கூழாகிவிடும். அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் பதினோரு நாள் விடாமல் பெய்தது. கழுதையை வெளியே இழுத்துப்போகக் கைமெய்யை அனுப்பிவிட்டு அப்பாவும் இரண்டு தங்கைகளும் குகை வீட்டுக்குள் தானியப் பானையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். குகை முகம் மொத்தமாக உட்கார்ந்தது. அந்தப் பிள்ளை தன் நகங்களால் தோண்டினாள். கடைசித் தங்கையின் கால்தான் முதலில் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு மண்மேல் ஒரு கண். மண் பேசுவதற்கு முன்னால் முணுமுணுக்கும் என்பாள்.

புருஷன் ஹாவ் லாய்ஷுன் அவளுக்கு நேர் எதிர். சாது. சத்தம் போட்டுத் தும்மக்கூட மாட்டான். கைமெய் எங்கே சண்டை தொடங்கினாலும் அவன் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொள்வான். முடிகிறவரை தலையைத் திருப்ப மாட்டான். அவமானம் அவனுக்கு. ஆனால் வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்து அவள் காயத்தைக் கழுவுவான், ஒரு வார்த்தை கேட்க மாட்டான். பதினான்கு வருஷக் குடித்தனத்தில் அவனை அவள் ஒருமுறைகூடக் கைநீட்டி அடித்ததில்லை. அவன்மேல் அவளுக்கு உயிர். அதைச் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வராது.

எழுபத்தைந்தாம் வருஷக் குளிர்காலத்தில் ஊருக்குக் கீழே ஓடையை மறித்து மண் அணை கட்டினோம். மழைக்கு மலையிலிருந்து வழிந்தோடும் வண்டல் அணைக்குப் பின்னால் தங்கினால் சமமான நிலம் கிடைக்கும், கம்பங்கூழுக்கு வழி பிறக்கும். கோடை மழைக்குள் முடித்தாக வேண்டும். பக்கத்து ஊர்க்காரனும் அணை கட்டினான். முதலில் முடிக்கிற ஊருக்கு மேலிடத்துச் செங்கொடி பரிசு. எங்கள் தலைவர் வான்சாங்குக்கு அந்தக் கொடி கனவில்கூட வந்தது.

கூடையில் அள்ளினால் எப்போது முடிப்பது? அதனால் சாமி மண் இறக்கினார்கள். மலைச் சுவரின் அடியில் மூன்று முழ ஆழத்துக்கு நீளமாகக் குடைவார்கள், இடையிடையே தூண் மாதிரி மண் கால்களை விட்டு வைப்பார்கள். பிறகு எல்லாரும் வெளியே வந்து, கயிறு கட்டிக் கால்களை இழுத்துச் சாய்த்தால் மேலே உள்ளது தானாக இறங்கும். சாமி இறக்கிக் கொடுத்த மாதிரி ஆயிரம் வண்டி மண். மேலே ஒரு ஆள் வெண்கலத் தட்டோடு உட்கார்ந்து விரிசலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அது அகன்றால் தட்டை அடித்து எல்லாரையும் வெளியே கூப்பிட வேண்டும். அந்த வேலை கைமெய்க்கு. முதல் வாரம் அவள் ஒருமுறை தட்டை அடித்தாள். எல்லாரும் ஓடிவந்தார்கள், மண் விழவில்லை, அரை நாள் வீண். வான்சாங் தட்டைப் பிடுங்கிக்கொண்டு அவளை வண்டி தள்ளப் போட்டுவிட்டார். உறைபனியில் மண் இரும்பு மாதிரி நிற்கும், காவல் எதற்கு என்றார்.

இரும்பு மாதிரிதான் நின்றது. அந்தத் தைரியத்தில் மூன்று முழம் ஐந்து முழமானது. வருஷம் திரும்பி இரண்டாம் மாதம் பிறந்து வெயில் உறைத்தபோதும் யாரும் குடைவதை நிறுத்தவில்லை. உள்ளே இருந்த பத்தொன்பது பேரில் லாய்ஷுன் ஒருவன், அதுவும் ஆகக் கடைசி மூலையில்.

அன்று காலையில் கைமெய் சும்மா இருக்க முடியாமல் மேலே ஏறினாள். உருகிய பனித் தண்ணீர் இரண்டு விரல் அகல விரிசலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் குறுக்கே ஒரு சின்னக் கம்பந்தட்டைத் துண்டை வைத்துவிட்டு வண்டிக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்துக்கு முன் மறுபடி ஏறிப் பார்த்தால் விரிசல் அகன்று கம்பந்தட்டை உள்ளே விழுந்துவிட்டது. கையை விட்டாள், முழங்கைவரை போனது. 

சறுக்கிக்கொண்டே இறங்கி வான்சாங் முன்னால் போய் நின்றாள்.

“பெரியத்தான், மேல வாய் பொளந்துடுச்சு. ஆளுங்கள வெளிய கூப்பிடுங்க.”

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? போன தடவ உன்னால அரை நாள் போச்சு. சாப்பாட்டு மணி அடிக்கட்டும், வருவாங்க.”

“அதுவரைக்கும் தாங்காது. என் கண்ணால பாத்தேன்.”

“உன் கண்ண எனக்குத் தெரியாதா? போ, போய் வண்டியப் பிடி.”

குடைவின் வாயில் குனிந்து கத்தினாள். “டேய், வெளிய வாங்கடா! மண்ணு இறங்குது!”

உள்ளேயிருந்து சிரிப்பு. “மதினி, மண்ணு உன்னப் பாத்துப் பயந்துதான் நடுங்குது!”

“ஏங்க, நீங்களாவது வாங்க!”

லாய்ஷுன் குரல் மெதுவாக வந்தது. “எல்லாரும் வேலை செய்யுறாங்க. மானத்த வாங்காத, போ.”

மேலிருந்து பொடி மண் உதிர்ந்து அவள் கழுத்தில் விழுந்தது. மண் முணுமுணுக்கிறது. தட்டு இல்லை, சொன்னால் கேட்பாரில்லை. இந்த ஊர் எதற்கு ஓடிவரும் என்று அவளுக்கு ஒன்றுதான் தெரியும். கொழுந்தன்மாரோடு கட்டிப் புரண்டாலும் எங்கள் பக்கம் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். புருஷனுக்கு மூத்தவர் முன்னால் மட்டும் தலை நிமிரக் கூடாது, கை பட்டால் ஊரே கூடிவிடும். வான்சாங் லாய்ஷுனின் பெரியப்பா மகன்.

நேரே போனாள். மூத்தார் தலைத்துண்டைப் பிடித்து இழுத்து, நெற்றியால் அவர் மூக்கில் ஒரே இடி இடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் வண்டிகள்வரை கேட்டது.

“ஐயையோ! மூத்தார அடிச்சிட்டா!” என்று ஒருத்தி அலறினாள்.

அவ்வளவுதான். குடைவிலிருந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். கைமெய் விடவில்லை. வான்சாங் அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து முகத்தை வண்டிச் சக்கரத்தில் மோதினார். அவள் அவர் கைவிரலைக் கடித்தாள், ரத்தத்தைத் துப்பினாள், கால் முட்டியால் வயிற்றில் இடித்தாள். “அடிடா! கொடிப் பைத்தியம்! ஆம்பளன்னா அடிடா!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். சத்தம் பெருகப் பெருக ஆட்கள் வந்தார்கள். அடி வாங்கிக்கொண்டே தலைகளை எண்ணினாள். பன்னிரண்டு. பதினைந்து. பதினெட்டு.

பதினெட்டோடு நின்றுவிட்டது.

அவன் வரவில்லை. ஊரே வந்துவிட்டது, அவன் ஒருத்தன் வரவில்லை! எப்படி வருவான்? அவள் சண்டை போடுகிறாளே!

வான்சாங்கின் பிடியை உதறிக்கொண்டு குடைவை நோக்கி ஓடினாள். ஓட விட்டார்களா, படுபாவிகள்!

“பிடிடா, விடாத! அடுத்து புருஷன அடிக்கப் போறா!”

நாலு பேர் பாய்ந்து அவளை மண்ணில் அழுத்தினார்கள். ஒருவன் முதுகில் ஏறி உட்கார்ந்தான். “விடுங்கடா, உள்ள இருக்காருடா!” என்று அவள் கதறியது மண்ணுக்குள் போனது. ஒருவன் கன்னத்தைக் கடித்துக் குதறினாள். அவன் அவள் வாயில் குத்தினான். அப்போதும் ஊர்ந்தாள், நாலு ஆளையும் இழுத்துக்கொண்டு ஊர்ந்தாள்.

மலை இறங்கியது. முதலில் சத்தமே இல்லை. சுவர் ஒரு சாண் கீழே அமர்ந்தது, பிறகு மொத்தமும் முன்னால் சரிந்தது. காற்று எல்லாரையும் தூக்கி எறிந்தது. இரண்டு வண்டிகள் நொறுங்கின, ஒரு கழுதை பாதி உடல் புதைந்து கிடந்து உதைத்துக்கொண்டது. மஞ்சள் புழுதியில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியவில்லை. இருமல் அடங்கியதும் ஒவ்வொருவனும் தான் சற்றுமுன் நின்ற இடத்தைப் பார்த்தான். அந்த இடம் இல்லை.

பொழுது சாயும்வரை தோண்டினோம். மூக்கு கோணிப்போன வான்சாங் மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையால் தோண்டினார், நகங்கள் பெயர்ந்து தொங்கின. கைமெய்யை இப்போது யாரும் பிடிக்கவில்லை. அவள்தான் அவனைக் கண்டுபிடித்தாள். நின்ற நிலையிலேயே மண் அவனைப் பிடித்திருந்தது. முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது, தோள்கள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. வெளியே கேட்ட சத்தம் முடியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தவன் அப்படித்தான் நிற்பான்.

“திரும்பிப் பாக்கக் கூடாதாய்யா?” என்று அவன் முதுகில் ஓங்கி அறைந்தாள். “ஒரே ஒரு தடவ திரும்பிப் பாக்கக் கூடாதா? உனக்காகத்தானே போட்டேன்!” அவனை முதன்முதலாக அடித்தது அப்போதுதான். அடித்துக்கொண்டே இருந்தாள். யாருக்கும் தடுக்க மனம் வரவில்லை.

வான்சாங் அவள் முன்னால் மண்டியிட்டார். பின்னால் அந்தப் பதினெட்டுப் பேரும் மண்டியிட்டார்கள். “நீ பதினெட்டு உசுரக் காப்பாத்தினவ, தங்கச்சி. எங்க வீட்டுக் கஞ்சி எல்லாம் இனி நீ போட்டது” என்று அவர் அழுதார்.

கைமெய் வாயிலிருந்த ரத்தமண்ணைத் துப்பிவிட்டு அவர்களைப் பார்த்தாள்.

“நான் எங்கய்யா உங்களக் காப்பாத்தினேன்? நான் காப்பாத்தப் பாத்தது ஒருத்தர. நீங்கல்லாம் வேடிக்க பாக்க வந்தவங்க.”

யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் அவன் காலடியில் மிச்சமிருந்த மண்ணைத் தோண்டத் தொடங்கினாள்.