மேசைக்குக் கீழே இருந்த மிசாக்கியும் என்னுடைய ஆங்கிலமும்

மகளின் காற்சட்டைக்கு இலாஸ்ரிக் மாற்றிக்கொண்டிருக்கிறேன். இலாஸ்ரிக்கைக் கொளுவிய சட்டைப்பின் துணிக்குள்ளே எங்கேயோ திரும்பி நின்றுகொண்டு வரமாட்டேன் என்கிறது. பேசாத பிள்ளைக்கு ஆங்கிலம் பழக்குகிற வேலையும் இப்படித்தான். வெளியில் நின்று தடவித் தடவித் தள்ளலாம். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மட்டும் தெரியாது.

ரொறன்ரோவில் மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிற அக்காமார், தங்கச்சிமார் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். மூக்குத் துடைத்து, சப்பாத்துக் கட்டி, "இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சிக் கெஞ்சி குனிந்து குனிந்து உங்களுக்கும் நாரி நொந்திருக்கும். எனக்கு அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்து வந்தது. எங்கள் கட்டிடத்தில் ஆறாம் மாடியில் இருந்த யப்பான் பிள்ளைகள் இரண்டு பேரோடு பின்னேரத்தில் ஆங்கிலம் கதைப்பது. ஊரில் எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்து, அதற்குப் பிறகு பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத எனக்கு!

தகுதி

கெய்க்கோ அந்தப் பிள்ளைகளின் தாய். அவருடைய புருஷனைக் கார் சாமான் செய்கிற ஒரு கம்பனி மூன்று வருசத்துக்கு இங்கே அனுப்பியிருந்தது. மூத்தவள் மிசாக்கிக்கு ஏழு வயது, இளையவள் ஹனாவுக்கு நாலு. கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் ஹனாவும் என் மகள் துஷாவும் ஒரே கூடைக்குள் ஏறி இருந்து விளையாடியதில்தான் எங்களுக்குப் பழக்கம். ஒருநாள் கெய்க்கோ என்னை மேலே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்து, விசயத்தைச் சொன்னார். மிசாக்கி செப்டெம்பரில் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தவள். தை மாதம் பிறந்துவிட்டது, இன்னும் வகுப்பில் ஒரு சொல் கதைக்கவில்லை. மார்ச் மாதம் பெற்றாரைக் கூப்பிட்டுப் பேசுவார்களாம். அதற்குள்ளும் வாய் திறக்காவிட்டால் அடுத்த வருசமும் அதே வகுப்புத்தானாம்.

பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பெட்டையைப் பிடித்துப் படிப்பிக்க விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவள் படங்களை விரித்து வைத்துக் கேள்வி கேட்க, மிசாக்கி சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய் இருந்துவிட்டாளாம். ஒரு மணித்தியாலமும் அங்கேதான். இப்போது என்னை வந்து பழக்கச் சொல்லிக் கேட்டார். மனுசியை ஏமாற்றக்கூடாது என்று, "என்ர இங்கிலிஷ் சின்னன்" என்று சொல்லிவிட்டேன். (நாங்கள் ஆங்கிலத்தில் கதைத்ததை எல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன். அந்த எழுத்துக்கூட்டல் எனக்குச் சரிவராது.) அதற்கு அவர் முகம் மலர்ந்து சொன்னது:

"மெத்த நல்லது. என்ர இங்கிலிஷும் சின்னன்தான். பெரிய இங்கிலிஷ் வீட்டுக்குள்ள வந்தால் மிசாக்கி மேசைக்குக் கீழ போறாள்."

முதல் நாள்

சின்ன ஆங்கிலம் வந்தும் அவள் மேசைக்குக் கீழேதான் போனாள். எனக்கும் அவளைப் போலத்தான், புது வீட்டுக்குப் போனால் சுவர்ப்பக்கமாக ஒதுங்குகிற குணம். கேள்வி கேட்கவும் பயம், கேட்டு அவள் திருப்பி ஏதும் கேட்டாலும் பயம். சமையலறையில் கெய்க்கோ கடலைக் காய் மாதிரி ஒரு பச்சைக் காயை உரித்துக்கொண்டிருந்தார். அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டு நானும் நிலத்தில், மேசைக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டேன். கை வேலை செய்தால் எனக்கு வாய் கொஞ்சம் வரும்.

மிசாக்கியோடு கதைக்க வெட்கமாக இருந்ததால், ஹனாவோடு விளையாடிக்கொண்டிருந்த என் துஷாவோடு கதைத்தேன். ஆங்கிலத்தில். "கையைக் கழுவு. இஞ்ச வா. இதைப் பிடி. கீழ போடாதை." மேசைக்குக் கீழே இரண்டு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். துஷா பிறந்த நாளில் இருந்து தமிழைத் தவிர வேறொன்றும் என் வாயில் கேட்டறியாதவள். எழும்பி வந்து என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, ஏன் இப்பிடிக் கதைக்கிறீங்கள்? உங்களுக்குக் காய்ச்சலோ?"

பெட்டி

முதல் கிழமை முடிய, கெய்க்கோ கறுப்பும் சிவப்புமாக மினுங்குகிற ஒரு பெட்டியில் சோற்று உருண்டை வைத்துத் தந்தார். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை, உங்களுக்குத் தெரியும்தானே. கழுவி, உள்ளே பத்து உளுந்து வடை வைத்து அனுப்பினேன். கடன் தீர்ந்தது என்று நினைத்தேன். இரண்டு நாளில் பெட்டி திரும்பி வந்தது, உள்ளே பயறு வைத்த இனிப்பு. நான் ரோல்ஸ் அனுப்பினேன். தோடம்பழம் வந்தது. நான் கொழுக்கட்டை அவித்தேன். மீன் வந்தது.

பிறகுதான் விசயம் பிடிபட்டது. அவர்களுடைய வழக்கப்படி ஒருவர் ஏதும் தந்தால் கட்டாயம் திருப்பி ஏதாவது கொடுக்கவேண்டுமாம். எங்களுடைய வழக்கப்படி பெட்டி வெறுமையாய்ப் போகக்கூடாது. அப்படியென்றால் இது எங்கே போய் நிற்கும்? எங்கள் நாலாம் மாடிக்கும் அவர்களுடைய ஆறாம் மாடிக்கும் நடுவில் அந்தப் பெட்டி எலிவேற்றரில் ஏறி இறங்கியபடியே இருந்தது. என் புருஷன் சாப்பிட்டுச் சாப்பிட்டு இடுப்புப் பட்டியில் புது ஓட்டை போட்டுவிட்டார். ஒன்பதாம் மாடியில் பிள்ளை பார்க்கிற பத்மா அன்ரியிடம் போய், எனக்கு முன்பே இந்தத் தொழிலுக்கு வந்தவர் என்று யோசனை கேட்டேன். அன்ரி என் கையில் இருந்த வடையில் ஒன்றை எடுத்துக் கடித்தபடி சொன்னார்:

"பிள்ளை, இதை நிப்பாட்டுறதெண்டால் ஒண்டில் நீ வீடு மாறவேணும், இல்லாட்டி அவ வீடு மாறவேணும்."

ஆரது?

பெட்டியைக் கொண்டுவருகிற வேலை மிசாக்கியுடையது. அவள் கதவில் தட்டுவாள். நான் கதவில் இருக்கிற கண்ணாடி ஓட்டைக்குள்ளால் பார்ப்பேன். அவள் அந்த உயரத்துக்கு எட்டமாட்டாள், எதிர் வீட்டுக் கதவுதான் தெரியும். எங்கள் வீட்டில் இவருடைய கண்டிப்பான சட்டம்: "ஆரெண்டு கேட்டு, மறுமொழி வந்தால்தான் நீர் கதவு திறக்கவேணும்." அதனால் நான், "ஆரது?" என்று ஆங்கிலத்தில் கேட்பேன். வெளியே சத்தம் இராது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் பெட்டி கால்மிதியில் இருக்கும், ஆள் ஓடியிருப்பாள். ஐந்தாறு தரம் இப்படியே நடந்தது. அவள்தான் என்று தெரிந்த பிறகும் நான் கேட்பதை நிறுத்தவில்லை. அதற்குச் சட்டம் காரணம் இல்லை. ஒருநாள் சொல்லிவிடமாட்டாளா என்றுதான். பெப்ரவரி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட மார்ச் மாதத்து நாளுக்குக் கெய்க்கோ கலண்டரில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார், அதைப் பார்க்கிறபோதெல்லாம் நான் மிச்ச நாளை எண்ணுவேன்.

ஒரு சனிக்கிழமை தட்டுகிற சத்தம் வித்தியாசமாகக் கேட்டது. கையால் இல்லை, காலால். "ஆரது?" சத்தமில்லை. மறுபடி உதை. "ஆரது?" அன்றைக்குப் பெட்டி வரவில்லை, மூடி போட்ட கிண்ணத்தில் சூப் வந்திருக்கிறது. கிண்ணம் சுடுகிறது, நிலத்தில் வைத்தால் ஊற்றுப்படும், ஓடவும் ஏலாது. கதவுக்கு வெளியே இருந்து, எங்கள் மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி, அவளுடைய குரலை முதன்முதலாகக் கேட்டேன்:

"நான்! சுடுது! திற!"

தகப்பன்

அதற்குப் பிறகு மிசாக்கி என்னோடும் துஷாவோடும் வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்தாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் தலையைக் குனிவாள். கெய்க்கோ கதவோரம் ஒரு கதிரையைப் போட்டு, நான் சொல்கிற வசனம் ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருப்பார். நான் சொல்வதை எழுதுகிற அளவுக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு உடம்பு கூசும்.

ஒருநாள் மிசாக்கியின் தகப்பன் வழக்கத்தைவிட வேளைக்கு வேலை முடிந்து வந்துவிட்டார். கோட் சூட்டோடு எனக்கு முன்னால் வந்து நின்று, இடுப்பு மடியக் குனிந்து கும்பிட்டார். என்ன பிழை விட்டேனோ என்று நான் சுவரோடு ஒட்டிப்போனேன். அவர் இரவில் அந்தக் கொப்பியைப் பாடமாக்குகிறாராம். ஆறு மாதமாகக் கம்பனிக் கூட்டங்களில் ஒரு சொல் பேசாமல் இருந்த மனிசன், அன்றைக்கு எழும்பி, கொப்பியில் இருந்த ஒரு வசனத்தைத் துணிந்து சொல்லியிருக்கிறார்.

"'முதல் தட்டில இருக்கிறதை முடி, பிறகு விளையாட்டு' எண்டு மனேஜருக்குச் சொன்னன். எல்லாரும் சிரிச்சவை. பிறகு அந்தக் கதையை முடிச்சுப்போட்டுத்தான் மற்றக் கதைக்குப் போனவை."

சின்னக் கதிரை

அன்றிரவு படுத்துக்கிடந்து, மிசாக்கியும் பள்ளிக்கூடத்தில் இதையே சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அந்தக் கொப்பியை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். கையைக் கழுவு. ஓடாதை. மூக்கைத் துடை. எத்தினை தரம் சொல்லுறது? ஒரு தாய் பிள்ளையை வெருட்டுகிற ஆங்கிலம்தான் அது முழுக்க. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பூ, பறவை, காலநிலை என்று ஒன்றும் இல்லை. சிவப்பு வட்டம் போட்ட நாள் வர, கெய்க்கோ தனக்குத் துணையாக வரச்சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ரீச்சருக்கு முன்னால் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட இரண்டு பேரும் இருந்தோம். கெய்க்கோவின் கை என் கையைப் பிடித்திருந்தது.

ரீச்சர் வயதான வெள்ளைக்கார மனுசி. முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிக்க ஏலாது. ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கும்படி சொன்னார். போன கிழமை இடைவேளைக்குப் பிள்ளைகள் வெளிக்கிடுகிறபோது ஒரு பொடியன் ஜக்கெற் பூட்டாமல் பனிக்குள் ஓடியிருக்கிறான். மிசாக்கி போய் அவனுடைய கையைப் பிடித்து நிறுத்தி, "முதல் சிப்பை இழு. தொப்பி எங்க? மற்றக் கையுறை எங்க? திரும்பப் போய்ப் பார். நான் நிக்கிறன்" என்றாளாம். அவன் போய்ப் பார்த்தானாம். அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் தங்கள் தொப்பியைத் தேடினார்களாம். அன்றில் இருந்து வகுப்பை வரிசையில் விடுவது, மூக்குத் துடைக்கச் சொல்வது, சாப்பாட்டுப் பெட்டியில் மிச்சம் விட்டவர்களைப் பிடிப்பது எல்லாம் அவள்தான்.

கெய்க்கோவுக்குப் பாதிதான் விளங்கியது. இது நல்லதா கெட்டதா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்: "கதைக்கிறாள். நிறையக் கதைக்கிறாள். மூண்டாம் வகுப்புக்கு விடுவினம்." அவர் அப்படியே குனிந்து கும்பிட, நெற்றி சின்ன மேசையில் 'டக்' என்று பட்டது. நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது, சிரிப்பும் இருந்தது. வீட்டில் ஆங்கிலம் பழக்குவது ஆர் என்று ரீச்சர் கேட்க, கெய்க்கோ என்னைத் தள்ளிவிட்டார். தப்ப வழியில்லை, கையை உயர்த்தினேன். ரீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"வகுப்பு நடத்த எனக்கு நல்லதொரு உதவியாளைத் தந்திருக்கிறீங்கள், மெத்த நன்றி. நேரம் கிடைச்சால் 'பிளீஸ்' எண்ட சொல்லையும் ஒருக்கால் சொல்லிக்குடுங்கோ."

உண்மைதான், அக்காமார். இரண்டு மாதமாக நான் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. எங்கள் வீடுகளில் பெற்ற பிள்ளையிடம் ஆர் 'பிளீஸ்' கேட்கிறது? இப்போது மிசாக்கியோடு சேர்ந்து நானும் பழகுகிறேன். பெட்டியும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நேற்று வந்தது கத்தரிக்காய்.

இந்தத் தொழிலில் நான் கண்டதை ஒரே வசனத்தில் சொல்வதென்றால், வாய் திறக்காத பிள்ளைக்கு முன்னால் மாதக்கணக்கில் தவம் கிடக்கவேண்டும், திறந்த பிறகு மிச்ச ஆயுள் முழுக்க அந்த வாய் சொல்வதைக் கேட்டு நாங்கள்... இந்தா, துஷா கக்கூசுக்குள் இருந்து "அம்மா, முடிஞ்சுது, வாங்கோ" என்று கத்துகிறாள், ஓம் பிள்ளை, வாறன், நான் வருமட்டும் அந்தத் தண்ணிப் பைப்பை மட்டும் திறக்காதை, பிளீஸ்!